கம்பளிக்குக் கழித்த இரண்டு

இந்த உலகத்தில் எதையுமே உள்ளபடி எழுதாத ஒரே யோக்கியர், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரெண்டு கிலோ என்று பெயரெடுத்தவர்தான்.

பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து நிறுத்தவர். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எல்லோர் நிறையிலும் இரண்டு கிலோ கழித்தே எழுதுவார். ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. எட்டு மணி பஸ்ஸை ஆறு மணிக்கு என்பார். வயதைக் கேட்டால் சொந்தத் தம்பிக்கே தம்பியாகிவிடுவார்.

எனக்கு லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய். மருந்தேற்றி வீட்டுக்கு அனுப்பிய டாக்டரம்மா, தினமும் காய்ச்சல் பார்த்து எழுதவும், நூறைத் தாண்டினால் உடனே வரவும் சொன்னார். அடுத்த வீட்டு ரெண்டு கிலோ காதில் பென்சிலோடு வந்துவிட்டார்.

"எழுத்து வேலைதானே? நீங்க படுங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்."

தாளில் ஒருநாளும் நூறு தாண்டவில்லை. நான்தான் எழுந்து நிற்க முடியாமல் போனேன். ஆறாம் நாள் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். இரத்த அணுக்கள் எல்லாம் சரிந்திருந்தன, மண்ணீரல் வீங்கியிருந்தது. டாக்டரம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே நோயைக் காட்டுது. காய்ச்சல் மட்டும் ஒத்துவரலையே?"

ரெண்டு கிலோ நெஞ்சை நிமிர்த்தினார். "எப்படிங்க வரும்? தம்பி போத்தியிருந்த கம்பளிச் சூட்டுக்கு ரெண்டு கழிச்சுத்தானே எழுதியிருக்கேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து எல்லாவற்றிலும் இரண்டைக் கூட்டினார். கூட்டக் கூட்டக் குரல் ஏறியது.

"நூத்தி ரெண்டு. நூத்தி ரெண்டு. ஒருநாள்கூட விடல. உடம்பைக் காக்குற அணுக்களே வெறிபிடிச்சு சொந்த இரத்தத்தைத் தின்னுது. லிம்ஃபோமாக்காரங்களுக்கு அபூர்வமா வரும். இன்னைக்கே அடக்கணும், இல்லன்னா ஆள் தாங்காது."

அப்புறம் ஒரே ஓட்டம். எலும்பு மச்சையில் ஊசி, ஸ்டெராய்டு, அந்த அணுக்களை அடக்க இன்னொரு மருந்து. ரெண்டு கிலோ கட்டிலடியில் உட்கார்ந்து, "கொன்னுருப்பேனே தம்பி" என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன, இரண்டுக்கும்தான் தெம்பில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவர் தெர்மாமீட்டரை மூன்று தடவை பார்த்துவிட்டு, "நீங்களே எழுதுங்க சிஸ்டர், என் கைய நம்ப முடியாது" என்று பென்சிலை நீட்டினார்.

மாதங்கள் கழித்துத் தேறி வந்ததும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் என்னை ஏற்றினார். லயமே கூடி நின்றது.

"நாப்பத்தெட்டு" என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். முள் நாற்பத்தாறில் நின்றது. வாழ்நாளில் அவர் கூட்டி எழுதியது அது ஒன்றுதான். அந்த இரண்டு கிலோவை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.