தாய்மாமன் பெயர் புகையாகிப் போன விவரம்

மார்க்கையன்கோட்டை,
14.5.2008

மரியாதைக்குரிய மச்சான் முத்துவீரன் அவர்களுக்கு, சின்னச்சாமி வணங்கி எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை சொர்ணலதாவும் பிள்ளையும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் மலையில் ஏலத்தோட்டத்தில் சௌக்கியமாக, முக்கியமாக உயிரோடு, இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்படி எழுதுகிறானே என்று திடுக்கிட வேண்டாம். திடுக்கிடுகிற வேலையை நேற்றுக் காலையிலிருந்து நான் ஒருவனே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையின் காதுகுத்துக்குப் பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் வைக்க வேண்டும், அதில் தாய்மாமன் பெயர் மின்ன வேண்டும் என்று தங்கள் தங்கை உத்தரவு போட்டதால், சின்னமனூரில் கம்ப்யூட்டர் டிசைன் செய்கிற இம்மானுவேலிடம் போனேன். "வெறும் பேரப் போட்டா யாருண்ணே பாப்பா? லேயர் லேயரா வைக்கணும்" என்றார். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தானாம். தங்கள் பெயரை மஞ்சளில் தெளிவாக எழுதி, அதையே நகலெடுத்துக் கீழே வைத்து, சிவப்பாக்கி, பிளர் என்று எதையோ தட்டினார். கீழே இருந்த எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்து, தங்கள் பெயருக்குப் பின்னால் தணல் எரிவது போல ஆயிற்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் எரியட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

நேற்று பிளக்ஸை விரித்துக் கட்டினால் மச்சான், என் தம்பி பெயரை ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம், சமையல்காரர் பெயர்கூடப் பளிச்சென்று இருக்கிறது, தங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு புகை. போன் போட்டால் இம்மானுவேல், "மேல் லேயரோட கண்ண மூடிட்டுத் தெறக்க மறந்துட்டேண்ணே, கீழ இருந்த பிளர் மட்டும் பிரிண்ட் ஆயிருச்சு" என்கிறார். லேயருக்குக் கண் இருப்பதும், அதை மூடினால் அந்த லேயரே மறைந்துவிடும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். தங்கள் தங்கை, "எங்கண்ணன ஆவியாக்கிட்டீகளே" என்று அங்கனயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்நேரம் பார்த்து அக்கம்மாள் பெரியம்மா அந்தப் பக்கம் வந்து, அந்த ஒரு வார்த்தையை மட்டும் காதில் வாங்கி, "ஏ ஆத்தா, முத்துவீரன் எப்பத் தவறுனாக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டது. நின்றிருந்த பஸ் முழுக்கக் கேட்டது. அந்தப் பஸ் கம்பம் போகிற பஸ்.

மத்தியானம் கம்பத்திலிருந்து தங்கள் பெரியப்பா மகன் மாலையோடு வந்து இறங்கினார். "மச்சான் உசுரோட இருக்காக" என்றேன். அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார். "பெறகு எதுக்குய்யா இப்படிப் போட்டிருக்கீக?" என்றார். கொண்டுவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் நம் பந்தல்காலில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் இம்மானுவேல் தெளிவான பெயரை ஸ்டிக்கராக வெட்டி வந்து புகைக்கு மேலே ஒட்டினார். ஏணி ஆடியதில் ஒரு சாண் தள்ளி ஒட்டிவிட்டார். இப்போது ஒரு தாய்மாமன் முன்னால் நிற்க, இன்னொருவர் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. என் தம்பியே, "அண்ணிக்கு இன்னொரு அண்ணன் இருக்காகளா? சொல்லவே இல்லையே" என்கிறான்.

தங்கள் செல்லுக்கு டவர் கிடைக்கவில்லை. அங்கே யாராவது அழுதுகொண்டு வந்தால் கோபப்படாமல் எதிரில் போய் நில்லுங்கள். "எங்கண்ணன் மடியில உக்காராம எம்பிள்ள காதுல ஊசி படாது" என்று தங்கை சொல்லிவிட்டாள். தாங்கள் முறுக்கிக்கொண்டு வராமல் இருந்துவிட்டால் என் கதி என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை. போர்டை இன்றைக்கே கழற்றிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவசியம் வரவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஊர் சொன்னதைப் பொருட்படுத்தாமல் தாங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சின்னச்சாமி

பி.கு: இதை மலைக்குக் கொடுத்தனுப்ப, பஸ் ஸ்டாப்பை ஒட்டிய ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தால் தாங்களே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறீர்கள். டீக்கடை மறைவில் நின்று எழுதுகிறேன். போர்டைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினீர்கள், எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு அதன் கீழே நின்று போட்டோ எடுக்கச் சொல்கிறீர்கள். "பேரு பாஞ்சு வர்ற மாதிரியில்ல இருக்கு. எழுதுனது யாருப்பா? என் ஜீப்புக் கண்ணாடிக்கும் இதே மாதிரி வேணும். இத யாரும் கழட்டிராதீக" என்று சொல்வது இங்கனவரை கேட்கிறது. ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.