மாலை போட்ட போட்டு

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு படகுக்குச் சபரிமலை மாலை போட்டு விரதம் இருக்க வைத்த மனிதர் எங்கள் எஸ்டேட்டில்தான் இருந்தார். வேறு எங்கோ யாரோ செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அதற்கென்று தனியாக ஒரு மூளைக்கோளாறு வேண்டும். அது சுக்கானி ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது.

எழுபதுகளில் நான் கேரள மலையில் ஏலப்பாறைக்கு அந்தப்பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். எஸ்டேட்டுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் அணைத் தண்ணீர் தேங்கி ஏரியாகக் கிடந்தது. கொழுந்து கிள்ளும் பெண்கள், சந்தைச் சாமான், கல்யாணப் பெண், காய்ச்சல்காரன் என்று எல்லாவற்றையும் அக்கரை சேர்க்க ஒரே ஒரு டீசல் படகு; எங்கள் வாயில் அது போட்டு. அதை ஓட்டியவர் சுக்கானி. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். சரக்குக் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். அங்கே அவரைச் சுக்கானுக்குப் பக்கத்தில்கூட விட்டதில்லை என்று கேள்வி. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் சுக்கானி என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டாரோ என்னவோ, சொந்தப் பேரைக் கேட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வாய் நிறைய வெற்றிலையோடு போட்டில் ஏறினேன். நடு ஏரியில் துப்புவதற்காகத் தலையை வெளியே நீட்டினேன். இஞ்சின் நின்றுவிட்டது.

"முழுங்கும்வே" என்றார் சுக்கானி.

"ம்?"

"இல்லன்னா கரை வரைக்கும் வாயிலயே வச்சிரும். ஏரியில துப்பப்படாது."

கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சாவகாசமாக இஞ்சினைக் கிளப்பி, எருமை நடக்கிற வேகத்தில் போட்டை விட்டார். கையை ஆட்டி, சீக்கிரம் போங்களேன் என்று ஜாடை காட்டினேன்.

"வேகமாப் போனா புகை வரும். நம்ம கப்பல்ல புகை கிடையாது" என்றார்.

நம்ம கப்பல் என்று அவர் சொன்ன அந்த மரப்பெட்டியில் ஒரு பசுமாட்டை ஏற்றினால் மனுஷன் ஏற இடமிருக்காது. அதற்குத்தான் இத்தனை கட்டு திட்டம். தண்ணீரில் எச்சில் துப்பக்கூடாது, பீடித்துண்டு போடக்கூடாது, சாப்பிட்ட இலையைப் போடக்கூடாது. இஞ்சினுக்கு அடியில் ஒரு பிஸ்கெட் டப்பா, சொட்டுகிற எண்ணெயைப் பிடிக்க. எல்லாவற்றுக்கும் மேலே அந்த 'வெள்ளம்'.

வெள்ளம் என்றால் மலையாளத்தில் வெறும் தண்ணீர். ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். சுக்கானியின் அகராதி வேறு. கப்பலில் அடித்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தால் மலையாளிகள் "வெள்ளம் கேறி" என்று கத்துவார்களாம். அதனால், படகின் அடியில் எண்ணெயோடு கலந்து தேங்குகிற கறுப்புத் தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பேர் என அவர் முடிவு கட்டிவிட்டார். அதை ஒரு சொட்டு ஏரியில் விடமாட்டார். தகர டின்னில் மொண்டு கரைக்குத் தூக்கிக்கொண்டு போவார். மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து, கரையான் அரிக்காமல் இருக்க, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் வேலிக்கால்களுக்கெல்லாம் பூசிவிடுவார். எங்கள் லயத்தில் சாய்ந்து நின்ற எவன் சட்டையும் வெள்ளையாக இருந்ததில்லை.

"இது எந்தச் சட்டத்துல இருக்கு அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சட்டத்துல இருந்தா அதிகாரி பாக்கும்போது மட்டும் செஞ்சாப் போதும்வே. கப்பல்ல பாத்திருக்கேன். துறைமுகத்தைத் தாண்டுன ஒடனே அடியில கெடக்கிற அழுக்கை எல்லாம் தொறந்து விட்ருவான். கண்ணுக்கு எட்டுன மட்டும் கடலு கருப்பாக் கெடக்கும். கேக்க நாதியில்ல. கேக்க ஆளில்லாத எடத்துல நாமளா ஒழுங்கா இருந்துக்கிடணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. கங்காணி, அதாவது எங்கள் கூலியாட்களின் மேஸ்திரி, அவர் முகத்துக்கு நேரே பீடியைப் பற்றவைத்துத் துண்டைத் தண்ணீரில் சுண்டுவார். சுக்கானி இஞ்சினை நிறுத்துவார். கங்காணி அடுத்த பீடியை எடுப்பார். இப்படியே இரண்டு பேரும் நடு ஏரியில் முறைத்துக்கொண்டு கிடப்பார்கள், அக்கரையில் பஸ் போய்விடும்.

கார்த்திகை பிறந்த அன்று காலையில் போய்ப் பார்த்தால் போட்டின் மூக்கில் துளசி மாலை. சந்தனம், குங்குமம். சுக்கானி கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"போட்டு மாலை போட்டிருக்கு. இனிமே இது சாமி. சாமி மேல உக்காந்து பீடி குடிக்கிறவன் தாராளமாக் குடிச்சுக்கிடட்டும். நாளைக்குக் கொழுந்துக்காட்டுல புலி வந்தா என்னைச் சொல்லப்படாது."

கங்காணி கையிலிருந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டார். அந்த மண்டலம் முழுக்க ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. தை பிறந்தது. மலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பிவந்து மாலையைக் கழற்றினார்கள். கங்காணி ஆவலாகப் போய், "அண்ணாச்சி, போட்டுக்கு எப்ப கழத்துறீரு?" என்றார்.

"மலைக்குப் போயிட்டு வந்தாத்தானவே மாலையைக் கழத்த முடியும்? போட்டு எப்படி மலையேறும்?"

அவ்வளவுதான். முடிவே இல்லாத விரதம். வருஷக்கணக்கில் நாங்கள் அந்தப் படகைச் சாமி என்றே கூப்பிட்டோம்.

வினை மேனேஜர் வடிவத்தில் வந்தது. போட்டு மெதுவாகப் போவதால் ஆட்கள் வேலைக்குப் பிந்துகிறார்கள், ஆலப்புழையிலிருந்து ஒரு வேகமான லாஞ்சு கொண்டுவரலாம் என்று கோட்டயத்து முதலாளிக்குச் சொல்லிவிட்டார். முதலாளி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. லாஞ்சு வந்தால் போட்டு கரைக்குப் போகும், போட்டோடு சுக்கானியும். குடும்பம் குட்டி இல்லாத மனுஷர், துறையில் ஒரு தகரக் கொட்டகையில் படுத்துக்கிடந்தவர்.

"போட்டு இல்லன்னா அவரு எதைத் தொடைச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு?" என்று கொழுந்து கிள்ளும் மாடத்தி கேட்டாள்.

முதலாளி வந்த அன்று போட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. புகை இல்லை, அழுக்கு இல்லை, கங்காணி வாயில்கூட ஒன்றும் இல்லை. பாதி ஏரியில் வெயில் ஏறியது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளம் உண்டோ?" என்றார்.

சுக்கானியின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய மனுஷன் அதைப் பற்றி விசாரிப்பது இதுதான் முதல் தடவை.

"உண்டு சார். நெறைய உண்டு" என்று டின்னை இழுத்து வந்து, மூடியைத் திறந்து முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "எல்லாம் நானே சேத்து வச்சது."

முதலாளி உள்ளே பார்த்தார். "இது குடிக்கானோ?"

"ஐயய்யோ, குடிக்கப்படாது சார். வேலிக்காலுக்கு வேணும்னா பூசலாம்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி கரை சேரும்வரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

அடுத்த மாதமே லாஞ்சு வந்துவிட்டது. ஓட்ட ஆலப்புழைக்காரர் குட்டப்பன். நல்ல மனுஷர்தான், பறப்பார். பின்னால் புகை, அடியிலிருந்த கறுப்புத் தண்ணீர் குழாய் வழியாக நேரே ஏரியில். துறையில் குடத்தை முக்கினால் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். லயம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. சோற்றில் டீசல் மணத்தது. சுக்கானி கரையில் கவிழ்த்துப் போட்ட போட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றி வைத்த இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கங்காணிகூட, "அந்த ஆளு திட்டாம பீடி ருசிக்கலவே" என்றார்.

மறுபடி கார்த்திகை பிறந்தது. குட்டப்பன் கழுத்தில் மாலையோடு துறைக்கு வந்தார். லாஞ்சின் மூக்கிலும் ஒரு துளசி மாலை தொங்கியது. பக்கத்தில் கற்பூரத் தட்டோடு லயத்துப் பெண்கள்.

"ஆரா இதை இட்டது?"

"நாந்தான் சாமி" என்றாள் மாடத்தி. "பெத்த தாயி மாலை போடலாம்ல? இதுக்குத் தாயில்ல. நான் தத்தெடுத்துக்கிட்டேன்."

குட்டப்பன் கழற்றுவதற்குக் கையை நீட்டினார். தன் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். "மலைக்குப் போய் வந்தா கழட்டலாமல்லோ?"

துறையே ஒரே குரலில் சொன்னது: "லாஞ்சு எப்படி மலையேறும்?"

விரதம் என்றால் குருசாமி வேண்டுமே. குட்டப்பன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தானே நடந்து, கவிழ்ந்து கிடந்த போட்டண்டை போய் நின்றார்.

"குருசாமி, ஈ வெள்ளம் எவிடே ஒழிக்கணும்?"

எங்கே ஊற்றவேண்டும் என்று அவர் கேட்டது லாஞ்சின் அடியில் கிடந்த கறுப்புத் தண்ணீரை. வெள்ளம் என்ற வார்த்தைக்கு இரண்டு பேரும் ஒரே அர்த்தம் வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். சுக்கானி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டின்னை எடுத்துக்கொண்டு லாஞ்சில் ஏறினார். அதற்குப் பிறகு அதுவும் எருமை வேகத்தில்தான் போயிற்று, மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். எஸ்டேட்டில் சுக்கானிக்கு இப்போது என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. குட்டப்பன் தினமும் கொஞ்ச நேரம் சுக்கானை அவர் கையில் கொடுப்பார்.

இப்போதும் எங்கே படகில் ஏறினாலும் வெற்றிலைச் சாற்றைக் கரை வரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. நடுத்தண்ணீரில் இஞ்சின் சட்டென்று நின்று, "முழுங்கும்வே" என்று ஒரு குரல் வராதா என்று மட்டும் இருக்கிறது.