கயிற்றில் கட்டிய கண்ணாடி வீடு

இனி இந்த வீட்டில் எந்த முடிவும் செயல்முறைச் சோதனை இல்லாமல் எடுக்கப்படாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் அறிவித்தேன். சமையலறையில் பதினேழு தக்காளி நாற்றுகள் இருந்தன. என் மனைவி அவற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நாற்றுகள் தலையாட்டின. அவள் ஆட்டவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு ஒரு பசுமைக்குடில் வேண்டும். குளிரும் ஆலங்கட்டியும் செடிகளைத் தொடாதபடி காக்கிற கண்ணாடி வீடு. அதில் எனக்கு மறுப்பில்லை. என் தலையணைக்குப் பக்கத்தில் குடைமிளகாய் தூங்குகிறது. என் அகராதியின் ஐந்தாம் தொகுதி கத்திரிச் செடிக்குப் பீடமாகிப் பல நாளாகிறது. 'ந' வரிசைச் சொல் எதற்கும் பொருள் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

தகராறு அளவில்தான். கடைக்காரர் தந்த பட்டியலில் இரண்டு இருந்தன. சின்னது பீரோ மாதிரி, மூன்று தட்டு, சுவரோடு ஒட்டி நிற்கும். பெரியது பத்தடிக்கு எட்டடி, ஆள் உள்ளே போய் நடமாடலாம். சின்னதே போதும் என்பது என் கட்சி. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். எங்கள் ஊரில் வெயில் அபூர்வம். எங்கள் கொல்லையில் அது ஒரே ஒரு மூலையில்தான் விழும். மூலையின் அளவு பத்தடிக்கு எட்டடி. அதன் நடுவில், பதினொரு வருடமாக, ஞாயிறுதோறும், என் சாய்வு நாற்காலி.

அன்றைக்கே நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினேன். துல்லியமாகப் பத்துக்கு எட்டு.

"இது கயிறு இல்லை, கண்ணாடி. ஒரு வாரத்துக்கு அப்படித்தான் நடந்துக்கணும்" என்றேன்.

"சரிங்க."

"வாசல் இந்தப் பக்கம், ரெண்டரை அடி. வேற எங்க கயித்தைத் தாண்டினாலும் கண்ணாடி உடைஞ்சதா அர்த்தம்."

"உடைச்சா?"

"உடைச்சவங்க தோத்தாங்க. அடுத்தவங்க சொல்ற அளவை வாங்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்."

"ரெண்டு பேருமே உடைக்கலைன்னா?"

"சின்னதுதான். ஏதாவது ஒரு முடிவு இருந்துதானே ஆகணும்?"

"எழுதிக் குடுங்க."

நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு வகைப்படுத்துவது என் உத்தியோகம். ஒன்றை எழுதச் சொன்னால் விடுவேனா? ஏழு விதிகள், இரண்டு உட்பிரிவுகள், கையெழுத்து.

"ஜன்னல்?" என்றாள்.

"எதுக்கு? குளிர்காத்து உள்ள வரும்." ஐந்தாம் விதியில் 'ஜன்னல் கிடையாது' என்று சேர்த்து, அடிக்கோடும் போட்டேன்.

என் திட்டத்தின் அழகைக் கவனியுங்கள். துணிக்கொடி மூலைக்கு அந்தப் புறம். ஒரு நாளைக்கு நாலு தடவை ஈரத்துணிக் கூடையோடு குறுக்கே போகிறவள் அவள். முதல் நாளே உடைப்பாள் என்று சமையலறை வாசலில் நின்று காத்திருந்தேன்.

கூடையோடு வந்தாள். கயிற்றின் முன்னால் நின்றாள். சுற்றிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் வெறும் காற்றைத் துடைத்தாள். மதில்மேல் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"என்ன தங்கச்சி பண்றீங்க?"

"கண்ணாடி துடைக்கிறேன் அண்ணே. நேத்து மழையில ஒரே கறை."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மேல ஒரு விரல் ரேகை விட்டுப்போச்சு, பாருங்க."

மறுநாள் அவரே சுற்றிப்பார்க்க வந்தார். வாசலில் குனிந்து நுழைந்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இடிக்குதே சார். வாசல் உயரம் பத்தல."

"ஆறடி ரெண்டு அங்குலம், மூணாவது விதி. நீங்க அஞ்சே முக்கால். இடிக்க வழியே இல்லை!"

அளவு நாடா எடுத்துவந்து அவரை அளந்தும் காட்டினேன். அவர் போன பிறகுதான், பெரிய குடில் வசதியானது என்று அரை மணி நேரம் வாதாடியவன் நான் என்பது உறைத்தது.

இருந்தாலும் சனிக்கிழமை இரவு வரை ஒரு கீறல் விழவில்லை. இன்னும் ஒரு பகல் போனால் பீரோ. ஞாயிறு மத்தியானம் அவள் என் நாற்காலியைத் தானே தூக்கி வந்தாள், வாசல் வழியாக.

"பிரிக்கப்போற வீடுதானே. கடைசி நாள், உள்ள உக்காந்து நிம்மதியாப் படிங்க."

தோல்வியை இவ்வளவு பெருந்தன்மையோடு ஏற்பவளை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேனே என்று நெஞ்சு கனிந்தது. உட்கார்ந்தேன். மடியில் ஒரு பழைய நிகண்டு, நூறு வயது. நூலகத்தைவிட்டு வெளியே எடுத்துப்போகக் கூடாத புத்தகம். எடுத்துவந்த ஒரே ஆள், அதற்குக் காவலாக அமர்த்தப்பட்டவன்.

மூன்று மணிக்கு அவள் வந்து, வாசல் இடைவெளியில் ஒரு துண்டுக் கயிற்றை இழுத்து, துணி கிளிப் போட்டாள். வாயால் "டக்" என்றாள்.

"என்னது?"

"பூட்டிட்டேன். திருடன் பயம்." இல்லாத சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"விளையாடாதே. திற!"

காதில் கை வைத்தாள். "என்னங்க? கண்ணாடிக்குள்ள இருந்து பேசினா ஒண்ணும் கேக்கலை!"

மதில்மேல் தலை எழும்பியது. "சார் என்னமோ வாயசைக்கிறாரே, தங்கச்சி?"

"பாடுறார் போல, அண்ணே."

"நல்லவேளை, கண்ணாடி கனமா இருக்கு."

அப்போதுதான் நிகண்டின் மேல் முதல் துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் வானம் கறுத்திருந்தது. அவள் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். கொடியில் ஒரு துணி இல்லை. மணி மூன்று பத்து. ஆறுக்கு இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

புத்தகத்தைக் காட்டினேன். வானத்தைக் காட்டினேன். கும்பிட்டேன்.

அவள் குடை பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கென்னங்க, கூரைக்குக் கீழ சொகுசா இருக்கீங்க. நான்தான் நனையறேன்."

எனக்கு ஒரு மின்னல் யோசனை. ஜன்னல்! ஜன்னல் வழியாக இறங்கினால் கண்ணாடி உடையாதே! கையால் சதுரம் வரைந்து காட்டினேன். இது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான் படிக்க வசதியாகக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். ஐந்தாம் விதி. அடிக்கோடு என்னுடையது.

மழை வலுத்தது. நிகண்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கயிற்றைத் தாண்டிக் குதித்தேன்.

"சலங்ங்!" என்றார் தையல்காரர்.

"பாத்து வாங்க, கால்ல கண்ணாடி குத்திடப்போகுது" என்றாள் மனைவி.

ஒன்பதாம் நாள் குடில் வந்து இறங்கியது. பத்தடிக்கு எட்டடி, நாலு ஜன்னல். தக்காளிகள் சமையலறையைக் காலி செய்து குடிபோயின. என் நாற்காலி மடித்து நடையில் சாத்தப்பட்டது.

"அப்ப நான் எங்க உக்காந்து படிக்கிறது?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய், நாலு முளைக்குச்சியும் சுருட்டிய கயிறும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"எங்க பிடிக்குதோ அங்க ஒரு படிப்பறை கட்டிக்குங்க. இந்தத் தடவையாவது ஜன்னல் வைங்க."