மாமாவுக்கு வாங்கிய ரொட்டி

எங்கள் பக்கத்தில் ஒருவன் ரொட்டி பாக்கெட்டோடு பஸ் ஏறினால், யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். நன்றாக இருப்பவன் ரொட்டியைத் தொட மாட்டான்; அது காய்ச்சல்காரர்களின் உணவு. அரியலூர்ப் பக்கம் பிறந்தும் இதை நான் மறந்துபோனேன். அதற்கு என் ஊர்சுற்றல்தான் காரணம்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். இரு தரப்பிலும் யாரும் அழவில்லை. மும்பையில் ஒரு சாண்ட்விச் வண்டியில் வேலை செய்து, இரவில் அதன் அடியிலேயே படுத்தேன். (மழை பெய்தால் முதலாளியும் வந்து சேர்ந்துகொள்வார்.) பச்சைச் சட்னி, உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று அடுக்கி நெருப்பில் வாட்டியதைக் கடித்த அன்றே, வாழ்க்கையில் எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கொல்கத்தாவில் ரொட்டியை முட்டையில் முக்கிப் பொரித்தார்கள். பெங்களூரில் கேரட்டும் வெங்காயமும் வதக்கி வைத்தார்கள். அகமதாபாத்தில் நடுவில் அன்னாசிப் பழத்தை வைத்தவனை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அரும்பாவூரில் பெண் பார்த்தார்கள். மலர்விழிக்கு என்னைப் பிடித்தது. அவள் அப்பா முத்தையாவுக்குத்தான் என் தொழில் பிடிபடவில்லை. சின்ன வெங்காய விவசாயி அவர்.

“ரெண்டு ரொட்டிக்கு நடுவுல எதையோ வச்சுக் குடுக்குறது ஒரு தொழிலா? வந்து செஞ்சு காட்டட்டும். தின்னு பாத்துட்டுதான் பொண்ணு உண்டா இல்லையான்னு சொல்லுவேன்” என்றுவிட்டார்.

ஆக, பை நிறைய ரொட்டியோடு பெரம்பலூரில் பஸ் மாறினேன். பக்கத்து சீட்டு அம்மா பையை எட்டிப் பார்த்தார்.

“யாருக்குத் தம்பி முடியல?”

பெண் வீட்டில் சமையல் பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். “அரும்பாவூர் முத்தையா மாமாவுக்குத்தாங்க” என்றேன். (பொய் இல்லையே!)

“அய்யய்யோ, அவருக்கா! ஒரு ஆளுக்கு இவ்ளோ ரொட்டியா? சோறு எறங்கலையா?”

“இன்னிக்கு இதாங்க சாப்பாடு.”

அவர் நெஞ்சில் கை வைத்தார். பிறகு போனை எடுத்தார். நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

முத்தையா மாமா வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி, சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, வேர்க்கடலைச் சட்னி தடவி, முதல் சாண்ட்விச்சைத் தோசைக்கல்லில் போட்டேன். வாசலில் ஓலம் கேட்டது.

“அண்ணே! போன வாரங்கூட நல்லாத்தானே இருந்த!”

ரஞ்சன்குடியிலிருந்து மாமாவின் தங்கை. அவருக்குப் பின்னால் பாதித் தெரு. ஆளுக்கொரு ரொட்டி பாக்கெட், ஆரஞ்சுப் பழம். வெற்றிலை மென்றபடி நின்ற மாமாவை, “ஏன் எந்திரிச்சு நிக்கிற? படு!” என்று கட்டிலில் தள்ளினார் தங்கை. என்ன ஏது என்று நான் ஓடிவர, பஸ்ஸில் வந்த அம்மா என்னைச் சுட்டிக்காட்டினார்.

“இந்தத் தம்பிதான் சொன்னுச்சு!”

அதற்குள் கல்லில் கிடந்தது கரியாகி, வீடு முழுக்கப் புகை.

“உசுரோட என்னையப் பாடையில ஏத்திட்டியேடா! பொண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. எடு பைய, கெளம்பு!”

பையைக் கட்டினேன். மலர்விழி, வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டிகளையெல்லாம் அள்ளி வந்து என் முன்னால் போட்டாள்.

“எங்க கெளம்புறீங்க? நம்ம வூட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோடயா அனுப்புறது? கல்லு காயுது, போடுங்க.”

போட்டேன். மும்பையின் மதிய நேரக் கூட்டத்தையே சமாளித்தவனுக்கு அரும்பாவூரின் அரைத் தெரு எம்மாத்திரம்! அழுகை நின்று மொறுமொறு சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தங்கை இரண்டாவது கேட்டார்.

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏன்யா, எனக்குன்னு வந்த ரொட்டிய எனக்குத் தராம எல்லாரும் திங்கிறீங்களே, நியாயமா?”

கொடுத்தேன். மென்றார். இன்னொன்று வாங்கினார்.

“வெங்காயம் யாரு காட்டுது?”

“உங்க காட்டுதுதான் மாமா.”

“அதானே பாத்தேன்” என்றவர், மூன்றாவதுக்குக் கை நீட்டினார். “தையிலயே வச்சுக்கலாம் மாப்ள.”

இப்போது சிறுவாச்சூரில், நெடுஞ்சாலை ஓரம் எங்கள் கடை. கோயில் கூட்டம் வரும் நாட்களில் மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ரொட்டியா என்று யாராவது முகம் சுளித்தால் போதும், மீசையை முறுக்கிக்கொண்டு ஆரம்பிப்பார்.

“தைரியமாத் தின்னுங்க. சாவக் கெடந்த நானே எந்திரிச்சு ஒக்காந்திருக்கேன்ல!”