மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார்

கொரோனா ஊரடங்கின் ஐம்பத்தைந்தாம் நாள் காலை, தேத்தண்ணி குடித்து முடித்த கையோடு, மாணிக்கவாசகம் தம் மனைவியை விவாகரத்துச் செய்வதென்று முடிவெடுத்தார்.

மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்தவர். ஜனவரியில் ஓய்வு. மார்ச்சில் ஊரடங்கு. முப்பத்தாறு வருடமாகக் காலையில் போய்ப் பின்னேரம் வந்துகொண்டிருந்த புருஷன், திடீரென்று இருபத்துநாலு மணி நேரமும் உக்குவளையிலிருந்த வீட்டுக்குள்ளேயே நின்றால் எந்தப் பெண்தான் தாங்குவாள்? அதிலும் மனிதர் சும்மா நிற்கவில்லை. குசினியை மேற்பார்வை செய்தார். பருப்பு டின்னில் 'ஒரு நாளைக்கு ஒரு சுண்டு' என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டினார். மனைவி தவமணிதேவி கறி தாளிக்கும்போது பின்னால் நின்று மணிக்கூடு பார்த்தார்.

அன்று காலை அவள் பொறுமையிழந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"இவ்வளவு காலமும் உங்களைப் பகலில வச்சிருந்த கந்தோருக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும்."

அதுதான் சுருக்கென்று தைத்துவிட்டது. முடிவைச் சொன்னதும் அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், தாமும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு மன்னிக்கலாம் என்று கணக்குப் போட்டார். சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றார்.

"இஞ்சேரும், ஊரடங்கு எடுத்த உடன நான் கோட்டுக்குப் போறன். விவாகரத்து!"

"நல்லது. எப்ப எடுப்பாங்களாம்?"

"எதை?"

"ஊரடங்கை."

மனிதர் ஆடிப்போனார். "நீர் அழ மாட்டீரோ?"

"இப்பதான் வெங்காயம் உரிச்சு அழுது முடிச்சனான். நான் கொழும்பில மகள் வாகினியோட போய் இருப்பன். ஆனா ஒண்டு. உங்கட கந்தோரில ஒரு ஆள் இடமாற்றமாகிப் போகேக்க சும்மா விட்டனீங்களோ?"

"அதெப்பிடி விடுறது? வேலையை அடுத்த ஆளிட்ட முறையா ஒப்படைச்சுக் கையெழுத்து வாங்காமல் ஒரு பியோனைக்கூட நான் விட்டதில்லை!"

"அப்ப நானும் ஒப்படைச்சிட்டுத்தான் போகோணும். அடுத்த ஆள் நீங்கள்தான்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பார். ஒழுங்குமுறையைச் சொன்ன பிறகு எந்த வாயால் மறுப்பது? உடனே புல்ஸ்கேப் தாள் எடுத்துத் தலைப்பிட்டு, அடிக்கோடும் போட்டார்.

ஒப்படைப்பு பன்னிரண்டு நாள் நடந்தது. தேங்காய் துருவினார், விரலையும் கொஞ்சம் துருவினார். இடியப்பம் பிழிந்தார், உரலிலிருந்து மா வரவில்லை, அவருக்கு மூச்சுத்தான் வந்தது. பலாக்காய் வெட்டினார், பால் ஒட்டிய கையோடு மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவும் நீர் ஒரு நாளில செய்யிறனீரோ?"

"பத்து மணிக்கு முன்னம்," என்றாள் தவமணிதேவி, கதிரையில் சாய்ந்தபடி.

ஐந்தாம் நாள் அவருக்கு வெட்கமாக இருந்தது. பத்தாம் நாள் பெருமையாக இருந்தது. அவர் வைத்த பலாக்காய்க் கறியை அவள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இவள் கொழும்புக்குப் போய்விட்டால் இந்தக் கறியை யாருக்குப் போடுவது? நினைத்ததும் அவள் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

ஆனாலும் தொடங்கிய வேலையை முறைப்படி முடிக்க வேண்டுமே. 'சமையல் முதல் முற்றம் கூட்டுவது வரை யாவற்றையும் பொறுப்பேற்றேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிக்கு மதிலடியில் நின்ற பக்கத்து வீட்டு ரிஸ்வியைக் கூப்பிட்டார்.

வாசித்த ரிஸ்விக்கு முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் பெரிதாகின.

"சேர், வெளங்கித்தான் சைன் வச்சீங்களா?"

"ஒவ்வொரு வரியும் நானே எழுதினது, தம்பி!"

"சரி, நானும் வக்கிறேன். ஆனா எங்க வூட்டாளுக்கு மட்டும் இதக் காட்டிராதீங்க சேர்."

மறுநாள் ஊரடங்கு தளர்ந்தது. கொழும்புக்கு பஸ்ஸும் விட்டார்கள். தவமணிதேவி உடுப்புப் பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்ததைக் கண்டதும் மாணிக்கவாசகத்தின் வீறாப்பெல்லாம் பறந்துவிட்டது.

"போகாதையும். நீர் இல்லாமல் எனக்கு ஏலாது. விவாகரத்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் வாபஸ் வாங்குறன்."

"மெய்யாவோ?"

"சத்தியமா!"

அவள் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு கரைச்சல் தந்தாலும் அவளுக்கும் இந்த மனிதர்மேல் கொள்ளை ஆசை. பெட்டியைத் திரும்ப அறைக்குள் வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

மாணிக்கவாசகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. பழையபடி குரலும் வந்தது.

"அப்ப, ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாருமன்."

தவமணிதேவி புல்ஸ்கேப் தாளை எடுத்து, அவருடைய கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"விவாகரத்தைத்தானே வாபஸ் வாங்கினீங்கள்? இது அப்பிடியே இருக்கு. எனக்குச் சீனி குறைச்சுப் போடுங்கோ."