பன்னிரண்டு மூட்டை கோழி எரு

படித்ததை உடனே செய்து பார்க்கத் துடிப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீருக்கு நான்தான் பொறுப்பு. வேலையை விடாமலே சுற்றுச்சூழல் முதுகலை படிக்கலாம் என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இணையத்தில் பாடம் நடத்தியது. தொலைபேசி லைனில் கணினியை மாட்டிப் படிப்பேன். (படித்து முடிக்கும்வரை வீட்டுக்கு யாரும் போன் போட முடியாது.)

நான்காவது பாடம், எண்ணெய் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்வது. எரு கலந்து கிளறினால் நுண்ணுயிர்கள் பெருகி எண்ணெயைத் தின்றுவிடுமாம். ‘சிறிய அளவில் செய்து பார்த்து அறிக்கை அனுப்பவும்’ என்றார் பேராசிரியர்.

என் மனைவியின் அண்ணன் மாணிக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே லோரிப் பட்டறை வைத்திருந்தார். இருபது வருடம் டீசல் குடித்த மண். சனிக்கிழமை அவர் ஈப்போ போயிருந்தபோது, பன்னிரண்டு மூட்டை கோழி எருவை இறக்கிக் கலந்து தண்ணீரும் தெளித்துவிட்டு வந்தேன். (சிறிய அளவுன்னா எத்தனை மூட்டைன்னு பேராசிரியர் சொல்லலையே.)

மறுநாள் காலை மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, பின்னால என்னத்தக் கொட்டி வெச்சிருக்கீங்க?”

“பாக்டீரியாவுக்குச் சாப்பாடு மச்சான். ஆறு வாரத்துல மண்ணு சுத்தமாயிரும்.”

“ஆறு வாரமா? இன்னிக்கு நாலு மணிக்கு எம் மக கலைவாணியப் பொண்ணு பாக்க வராங்க லா. தங்கச்சிக்கிட்ட சொல்ல ரெண்டு நாளா போன் போடுறேன், லைனே கெடைக்கல.”

தார்ப்பாய் வாங்கிக்கொண்டு ஓடினேன். மூடியும் வாடை குறையவில்லை. சாம்பிராணி போட்டேன். இப்போது கோயிலுக்குள் கோழிப்பண்ணை நடத்துவதுபோல் இருந்தது.

சுபாங் ஜெயாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா, “பக்கத்துல கோழிப் பண்ணை இருக்கா?” என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று நுண்ணுயிர்களைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். (உக்காருங்கன்னு என் மனைவி மூணு தடவ கிள்ளினாள்.) காப்பி ஆறுமுன் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கலைவாணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் அடுக்களைக்குப் போனேன்.

“எனக்குப் புடிச்சிருக்கு மாமா,” என்றாள் அவள். “எல்லாரும் மூக்கப் பொத்துனாங்க. மாப்பிள்ளை மட்டும் முகம் சுளிக்காம கேசரி சாப்பிட்டாரு. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சிருக்காரு.”

மாப்பிள்ளையின் அம்மா வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும் அவனும் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் கல்யாணம் நடந்தது. பேராசிரியர் எனக்குப் பாதி மதிப்பெண் போட்டு, ‘அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே கலந்து பேசியிருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

தலைத் தீபாவளி விருந்தில்தான் மாப்பிள்ளை உண்மையைச் சொன்னான். அன்றைக்கு அவனுக்குக் கடுமையான ஜலதோஷம். கேசரியா உப்புமாவா என்பதே தெரியாமல்தான் சாப்பிட்டிருக்கிறான்.

இன்றைக்கும் அவன் சமையலில் குறை சொன்னால் கலைவாணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்: “நான் உங்களுக்கு வாழ்க்கைப்படல. உங்க மூக்கடைப்புக்கு வாழ்க்கைப்பட்டேன்.”