தங்க வளையம் போட்ட சுருட்டுக்கு என் மார்க்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. எனக்கு முட்டியும் அவளுக்கு என்னையும் தவிர வேறு தொந்தரவு இல்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். புதுக் கடை வாசலில் ஆட்கள் முண்டியடிக்க வேண்டும்.

நீ அனுப்பிய சிகார் பத்திரமாக வந்து சேர்ந்தது. கையில் இருக்கும் முதல் பணத்தையெல்லாம் போட்டு இதையே கடை நிறைய அடுக்கலாமா, வேண்டாமா, அத்தான் போடும் மார்க்கை வைத்துத்தான் முடிவு என்று போனில் சொன்னாய் பார், அப்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எனக்கு எழுத்து வராதே ஒழிய, லாரி ஓட்டிய காலத்தில் எந்த ஊரில் எந்தச் சுருட்டைப் பிடித்தேன், எது பாதியில் அணைந்தது என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்யாணத்தன்று உன் அப்பா கொடுத்ததில் ஓரத்தில் ஓட்டை இருந்தது. டாக்டர் நிறுத்தச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது, ஆனாலும் தம்பியின் பிழைப்பாச்சே என்று உன் அக்கா இந்த ஒன்றுக்கு மட்டும் இறங்கி வந்தாள்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே சிகார் கொஞ்சம் ஒல்லியாகக் கடகடவென்று ஆடியது. உயர்ந்த சரக்குக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று உன் அக்காவுக்கு விளக்கினேன், அவள் உடனே தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். நுனியை வெட்ட நீ சொன்ன கருவி நம்மிடம் ஏது, நகவெட்டியால் கடித்துக் கடித்து எடுத்தேன். பால்கனியில் உட்கார்ந்து பற்றவைத்தால் காற்று அணைக்கிறது, திரும்பிக்கொண்டால் புகை வீட்டுக்குள் போகிறது, சாம்பலைத் தட்டப்போய் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் விழுந்து, அவர் கத்த, அந்தச் சத்தத்தில் மாடிவீட்டு வாத்தியார் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"சார், கம்பளி எரியற வாசனை வருது, போர்வையைப் பாருங்க" என்கிறார்.

தாளம் தெரியாதவருக்குக் கச்சேரி எதற்கு என்று விட்டிருக்கலாம். மனசு கேட்காமல் ஒரு இழுப்புக் கொடுத்தேன். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, நாற்பது என்றார். அவர் வேலை பார்த்த காலத்திலேயே யாருக்கும் அறுபதைத் தாண்டிப் போட்டவர் இல்லையாம், அதனால் அதைக் கணக்கில் சேர்க்காதே.

என் நாக்கு சொல்வதைக் கேள். முதலில் கிராம்பு வாசனை, நடுவில் பழைய மரப்பெட்டி, கடைசியில் அடித்தொண்டையில் ஒரு கதகதப்பு, குளிர்காலத்தில் கம்பளிக்குள் நுழைந்தாற்போல. நான் லாரியில் பிடித்த மட்டமான சுருட்டை இதன் பக்கத்தில் வைத்தால் அதுவே வெட்கப்பட்டு அணைந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. மீதி எட்டு, பெட்டி ஆடியதற்காகப் பிடித்துக்கொண்டேன். யோசிக்காமல் வாங்கிப் போடு மச்சான்.

எல்லாரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, மேலே இருப்பது ஒரு எழுத்துக்கூட மாறாமல் அவர் சொன்னது. இனி நான். அவர் பிடித்தது உன் சிகார் இல்லை. டாக்டர் சொன்ன அன்று அவர் பையிலிருந்து நான் பிடுங்கி, பீரோவில் கம்பளிகளுக்கு நடுவே, பூச்சிக்குப் போட்ட கிராம்போடு ஒளித்துவைத்த அதே லாரிச் சுருட்டு. உன் சிகாரின் தங்க வளையத்தை மட்டும் கழற்றி அதில் மாட்டினேன். பளபளவென்று பெட்டி இருந்தால் உன் அத்தான் பெட்டிக்கே மார்க் போட்டுவிடுவார், உன் முதல் போய்விடுமே என்ற பயம்தான். நீ அனுப்பியதை நேற்று மத்தியானம் அவர் தூங்கும்போது மொட்டைமாடியில் நானே பற்றவைத்துப் பார்த்தேன். ஈர அட்டையைக் கொளுத்தினாற்போல இருந்தது, வாயை மூன்று தடவை கொப்பளித்தேன். முப்பது மார்க், அதுவும் நீ தம்பி என்பதால். வாங்காதே. போனில் அவரிடம் மட்டும் தொண்ணூற்றிரண்டுக்கு நன்றி சொல்லிவிடு.

இன்னும் என்ன எழுதுறே என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். உங்க சார்பா மரியாதை சொல்லி முடிக்கிறேன் என்றேன். "இத்தனை வரியா? உன் தம்பிக்கு இவ்வளவு மரியாதை ஆகாது, நிறுத்து" என்கிறார். நிறுத்திவிட்டேன்.